கை வைத்தியமா, கால் வைத்தியமா?

சென்ற மாதம் ஒரு கலியாணத்தை முன்னிட்டு விருத்தாசலம் போயிருந்தோம். அவ்வளவு தூரம் போய்விட்டு, அருகிலேயே மங்கலம்பேட்டையில் வசிக்கும் நமது அத்தையைப் பாராமல் திரும்பினால் அடுத்த பத்து வருஷத்துக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அன்றியும், கலியாணப் பெண் அத்தைக்குப் பேத்தி முறை. அப்படியிருந்தும் அத்தை முகூர்த்தத்துக்கு வரவில்லை. என்ன மனஸ்தாபமோ என்று பந்தலில் இரண்டு மூன்று பேர் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். ஆகையால் உளுந்தூர்ப்பேட்டை போகும் பஸ்ஸில் ஏறி, வழியில் மங்கலம்பேட்டையில் இறங்கினோம்.

மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. அத்தை வராததற்குக் காரணம் சுமார் ஒரு முழ உயரமுள்ளது. அதாவது, பஸ்ஸின் முதற்படி.

"தரையில் எப்படியோ நடந்துவிடுகிறேன், தம்பி! அந்தப் படியில் காலை வைத்து உடம்பைத் தூக்கத்தான் முடியவில்லை. பின்னால் நிற்கிறவர்கள், 'ஏறு பாட்டி, ஏறு!' என்கிறார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நம்மையே பார்க்கிறார். அந்த அவமானத்துக்கு வீட்டோடு இருந்துவிடலாம்" என்றாள்.

அப்படியே வீட்டோடு இருந்தும் விட்டாள். மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றங்கரைக்குப் போவதை ஒரு வருஷமும் தவறவிடாதவள் இரண்டு வருஷமாகப் போகவில்லை. வாசலில் குந்திக் கோலம் போடுவதை வேலைக்காரப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டாள். கோலம் கோணலாக இருக்கிறது என்ற குறை வேறு.

திண்ணையில் முழங்கால் என்ற வார்த்தை விழுந்துவிட்டால் பிறகு அங்கே வேறு பேச்சுக்கு இடம் இராது என்பது நேயர்கள் அறிந்ததே. அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் வந்து சேர்ந்தார். எதிர்வீட்டு மளிகைக் கடைக்காரரும் வந்தார். வாத்தியார் கைக் கட்சி. உள்ளூரில் எண்ணெய் போட்டு நீவிவிடுகிறவரிடம் ஒரு மண்டலம் காலைக் கொடுத்தவர். பிறகு சென்னையில் மகன் வீட்டில் தங்கி, மூட்டைக் கையாலேயே அசைத்து இழுத்துச் சிகிச்சை செய்யும் ஒரு நிபுணரிடமும் போய் வந்தவர். "மனுஷக் கைக்கு ஈடு உண்டா, ஐயா? தொட்ட மாத்திரத்தில் எந்த இடத்தில் சிக்கல் என்று கண்டுபிடித்துவிட்டார்!" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மளிகைக் கடைக்காரர் யந்திரக் கட்சி. பத்து நாள் விருத்தாசலத்துக்குப் பஸ்ஸில் போய்க் 'கரண்டு' வைத்துக்கொண்டு வந்தவர். "முட்டிக்குள்ளே வெதுவெதுவென்று சூடு இறங்குவது தெரிகிறது. இந்த எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் எந்தக் காலம்!" என்றார் அவர்.

இருவரும் தத்தம் சிகிச்சையால் பூரண குணம் அடைந்ததாகச் சத்தியம் செய்தார்கள். விளக்கு வைக்கும் நேரம் வந்ததும் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். வாத்தியார் வலது பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மளிகைக் கடைக்காரர் இடது பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அத்தை மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவளுடைய எக்ஸ்ரே படத்தைப் பார்த்த வைத்தியர் 'தேய்மானம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டாராம். அத்தையின் யஜமானர் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் நெடுங்காலம் சூளை வேலை பார்த்தவர். ஆதலால் அவளுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் பளிச்சென்று விளங்கியிருக்கிறது. "பொம்மைக்கு மேலே மெருகு போய்விட்டால் போனதுதானே? மறுபடியும் சூளையில் வைக்க முடியுமா? இனிமேல் நடந்தால் இருக்கிற மெருகும் போய்விடும். ஆகையால் காலுக்கு வேலை கொடுக்காமல் காப்பாற்றி வருகிறேன்" என்றாள்.

இந்தப் பேச்சுத்தான் நமக்குத் திக்கென்றது. கைக் கட்சியும் யந்திரக் கட்சியும் எப்படியாவது போகட்டும். அத்தையின் பீங்கான் தத்துவம் அல்லவா அவளைத் திண்ணையோடு கட்டிப் போட்டிருக்கிறது! ஊருக்குத் திரும்பியதும் இவ்விஷயமாகக் கிடைத்ததையெல்லாம் படித்தோம். விஷயம் தெரிந்த இரண்டொரு வைத்தியர்களையும் விசாரித்தோம். அத்தைக்கு எழுதின கடிதத்தில் இடம் போதாததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த மெருகின் சங்கதி. முழங்காலில் தொடை எலும்பின் அடி முனையையும் அதற்குக் கீழுள்ள எலும்பின் தலையையும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இது பீங்கானின் மெருகைப் போலவே பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் பீங்கானுக்குப் பசி கிடையாது, இதற்கு உண்டு. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் ஓடவில்லை. மூட்டுக்குள் ஊறும் நீரிலிருந்துதான் அது தன் ஆகாரத்தைப் பெற வேண்டும். காலை ஊன்றும்போது பஞ்சைப்போல் பிழிபட்டு, ஊன்றலை எடுக்கும்போது மறுபடியும் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அசையாத மூட்டில் இது நடப்பது எப்படி? காலைக் 'காப்பாற்றி' வைக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு அத்தை அதைப் பட்டினி போட்டு வந்திருக்கிறாள்.

இன்னொரு விசித்திரம்: குருத்தெலும்பில் நரம்பும் கிடையாது. ஆகையால் அது தேய்ந்தாலும் தானாக வலிப்பதில்லை. வலி வருவதெல்லாம் அதன் அடியில் உள்ள எலும்பிலிருந்தும், மூட்டைச் சுற்றியுள்ள உறையிலிருந்தும், அவ்வுறையின் உட்புறச் சவ்விலிருந்துமே. அதனால்தான் எக்ஸ்ரேயில் மூட்டு பாழடைந்த மண்டபம்போல் தோன்றும் சிலர் சுகமாக நடமாடுகிறார்கள். படத்தில் சொற்ப மாறுதலே உள்ள சிலர் இரவெல்லாம் புலம்புகிறார்கள். படத்தைக் கொண்டு வலியை அளக்க முடியாது. வலியும் இயலாமையும் குறைய வேண்டுமானால் தேய்ந்தது திரும்ப முளைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. தொடையின் முன்புறத் தசை பலப்பட்டால் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழும் அதிர்ச்சியை அது தாங்கிக்கொள்கிறது. இறுகிப் போன உறை இளகினால் மூட்டு இன்னும் கொஞ்சம் மடங்கும்.

இது ஏதோ நம் அத்தை ஒருத்தியின் துக்கம் அல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2019-இல் உலகத்தில் சுமார் 52 கோடியே 80 லட்சம் பேர் இந்த மூட்டு நோயோடு வாழ்ந்தார்கள். அவர்களில் முழங்கால்காரர்கள் மட்டும் 36 கோடியே 50 லட்சம். நூற்றுக்கு அறுபது பேர் பெண்கள். நமது தேசத்தில் சில நகரங்களிலும் அவற்றைச் சேர்ந்த கிராமங்களிலும் எடுத்து 2016-இல் வெளியிட்ட கணக்கில், பரிசோதித்தவர்களில் நூற்றுக்கு 28.7 பேருக்கு இது இருந்தது. சித்த வைத்தியர்கள் இதனை அழல் கீல் வாயு என்பார்கள்.

இனிக் கைக் கட்சியின் வழக்கைக் கேட்போம். கை வைத்தியம் என்றால் சுக்குக் கஷாயம் முதலியவற்றை நம்மவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இங்கே நாம் சொல்வது கையாலேயே செய்யும் வைத்தியம். இதில் நமக்கு யாரும் வாத்தியாராக வர வேண்டியதில்லை. சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்றே ஒரு முறை இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதில் ஒன்பது வகைகளை நம் முன்னோர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். மேல்நாட்டாரின் கை வைத்தியமும் இந்த ஒன்பதுக்கு வெளியே அதிக தூரம் போய்விடவில்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜெஃப்ரி மெயிட்லண்டு என்பவர் அதற்கு அளவுகள் வகுத்தார்: வலி மிகுந்த மூட்டுக்கு மெல்லிய சிறு ஆட்டம், இறுகிய மூட்டுக்கு அது எட்டும் எல்லை வரையில் கொண்டுபோய்ச் செய்யும் அசைவு. நியூஸீலந்தில் பிரையன் மல்லிகன் என்பவர், வைத்தியர் மூட்டைச் சற்றே நகர்த்திப் பிடித்திருக்கையில் நோயாளி தாமே காலை மடக்கி நீட்டும் முறையைக் கொண்டுவந்தார். இவையெல்லாம் எலும்பை 'இடத்தில் உட்கார வைப்பது' என்று நேயர்கள் எண்ண வேண்டாம். தேய்மான முழங்காலில் எலும்பு எங்கும் விலகிப் போகவில்லை. உறை சற்று இளகுகிறது. அதைவிட முக்கியமாக, காலிலிருந்து மூளைக்குப் போகும் வலிச் செய்தி சில மணி நேரமோ சில தினங்களோ அடங்கியிருக்கிறது.

யந்திரக் கட்சியார் தங்களுடையதுதான் பிஸியோதெரபி என்றும், மற்றது வெறும் பிடித்துவிடுதல் என்றும் சொல்வதுண்டு. அவர்கள் ஒரு பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1894-ஆம் வருஷத்தில் நான்கு நர்ஸுகள் சேர்ந்து ஒரு சங்கம் ஸ்தாபித்தார்கள். எதற்காக? உடம்பு பிடித்துவிடும் தொழிலுக்கு அப்போது லண்டனில் கெட்ட பெயர் ஏற்பட்டிருந்தபடியால், முறையாகப் பயின்ற பெண்களின் கௌரவத்தைக் காப்பதற்காக. சங்கத்தின் பெயரிலேயே 'பயிற்சி பெற்ற உடம்பு பிடிப்போர்' என்றுதான் இருந்தது. அதே சங்கம் 1944-இல் பெயரை மாற்றிக்கொண்டு அந்நாட்டின் பிஸியோதெரபி சங்கமாயிற்று. ஆகவே கைதான் பெற்றது. யந்திரங்கள் பிற்பாடு வந்து வீட்டைப் பிடித்துக்கொண்டவை. இன்று நம் ஊர்களில் வழக்கமான சிகிச்சை என்று சொல்லப்படுவது என்ன? சூடு வைக்கும் டயதர்மி, காதுக்குக் கேட்காத ஒலியைச் செலுத்தும் அல்ட்ராசவுண்டு, தோலின் மேல் சுறுசுறுவென்று ஏறும் மின்சாரம், இவற்றோடு கடைசி ஐந்து நிமிஷத்தில் தொடையை இறுக்கித் தளர்த்தச் சொல்லும் ஒரு பயிற்சி. இந்தக் கடைசி ஐந்து நிமிஷத்தைப் பற்றி மளிகைக் கடைக்காரர் வாயே திறக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்டதற்கு, "அது என்னமோ காலைத் தூக்கு, இறக்கு என்றார்கள். அதற்கா பஸ் சார்ஜ் கொடுத்துப் போனேன்?" என்றார்.

வழக்கில் சாட்சிகளை விசாரிக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. 2000-ஆம் வருஷத்தில் வெளியான ஒரு பரிசோதனைக்காக அமெரிக்க ராணுவ வைத்தியசாலை ஒன்றில், டெக்ஸாஸ் ராஜ்யத்திலே, கெயில் டெய்ல் என்பவரும் அவருடைய சகாக்களும் 83 முழங்கால் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு வாரம் இரண்டு தடவை வீதம் நாலு வாரம் கைச் சிகிச்சையும் தேகப் பயிற்சியும் அளித்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் கண்துடைப்பு. அந்தக் கண்துடைப்புக்கு எதைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? பலன் தராத அளவுக்குக் குறைத்து வைத்த அல்ட்ராசவுண்டு யந்திரத்தை! எட்டாவது வாரத்தில் முதல் கூட்டத்தாரின் வலியும் விறைப்பும் இயலாமையும் சேர்ந்த கணக்கு நூற்றுக்கு 55.8 பங்கு குறைந்திருந்தது. ஒரு வருஷத்துக்குள் கண்துடைப்புக் கூட்டத்தில் நூற்றுக்கு 20 பேர் செயற்கை மூட்டு வைக்கும் ரண சிகிச்சைக்குப் போய்விட்டார்கள். மற்றக் கூட்டத்தில் 5 பேர்தான். வாத்தியாருக்கு இதை எழுதினால் ஆனந்தக் கூத்தாடுவார்.

ஆனால் அவசரப்படக் கூடாது. கையும் பயிற்சியும் சேர்ந்து பெற்ற வெற்றியில் எது எவ்வளவு என்று யார் சொல்வது? டெய்லுக்கே இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. 134 பேரைக் கொண்டு அவர் நடத்திய மற்றொரு பரிசோதனை 2005-இல் வெளியாயிற்று. பாதிப் பேர் வைத்தியசாலைக்கு எட்டுத் தடவை வந்து கைச் சிகிச்சையும் மேற்பார்வையில் பயிற்சியும் பெற்றார்கள். மறு பாதியினர் பயிற்சியைக் கற்றுக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை வந்து சரிபார்த்துக்கொண்டு, மற்றபடி தங்கள் வீட்டிலேயே செய்தார்கள். நாலாவது வாரத்தில் வைத்தியசாலைக்காரர்களின் கணக்கு 52 பங்கும், வீட்டுக்காரர்களின் கணக்கு 26 பங்கும் குறைந்திருந்தன. நேர் இரட்டிப்பு! பிறகு ஒரு வருஷம் கழித்து அளந்தார்கள். இரு சாராரும் ஆரம்பத்தில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் வித்தியாசம் இல்லை. வைத்தியசாலைக்கு வந்தவர்கள் மருந்து சாப்பிடுவது குறைவாகவும், மனத் திருப்தி அதிகமாகவும் இருந்தது என்பது வாஸ்தவம்.

இந்தப் பரிசோதனையை நாம் இரண்டு தடவை படித்தோம். மங்கலம்பேட்டையிலிருந்து ஒவ்வொரு சிகிச்சைக்கும் பஸ் ஏற வேண்டிய ஒருத்திக்கு, அதிலும் பஸ் ஏறுவதே வியாதியாக உள்ளவளுக்கு, இதைவிட நல்ல செய்தி வேறென்ன? கை கொடுப்பது வேகம். வீட்டில் செய்தவர்கள் மெதுவாக வந்தாலும் வருஷக் கடைசியில் அதே ஊருக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

2013-இல் நியூஸீலந்தில் ஹாக்ஸ்பி அபட் என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட பரிசோதனை இன்னும் கூர்மையானது. இடுப்பிலோ முழங்காலிலோ இந்நோய் கண்ட 206 பேரை நாலு கூட்டமாக்கினார்கள். ஒரு கூட்டத்துக்குக் கை மட்டும், ஒன்றுக்குப் பயிற்சி மட்டும், ஒன்றுக்கு இரண்டும், நாலாவதற்கு வழக்கமான வைத்தியம் மட்டும். ஒரு வருஷத்துக்குப் பிறகும் கைக் கூட்டத்தாருக்கு நன்மை இருந்தது. பயிற்சிக் கூட்டத்தார் எழுந்து உட்காருதல், நடத்தல் முதலிய காரியங்களில் தேறியிருந்தார்கள். இரண்டும் பெற்றவர்கள்தான் இரட்டிப்புப் பலன் பெற்றிருக்க வேண்டும் என்று நாம் எண்ணுவோம், அப்படி இல்லை! ஒன்றை மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் மேலாக இல்லை. ஒரே நேரத்துக்குள் இரண்டையும் அடைக்கப் பார்த்ததில் இரண்டும் அரைகுறையாகப் போயிருக்கலாம் என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. அதே குழுவினர் 2015-இல் 75 முழங்கால்காரர்களிடம் மற்றொன்றையும் கண்டார்கள். பன்னிரண்டு தவணைப் பயிற்சியை முதல் சில வாரங்களிலேயே செலவழித்துவிடாமல், சிலவற்றை மிச்சம் பிடித்து வருஷத்தின் பிற்பகுதியில் அங்கங்கே கொடுத்தால், பயிற்சியோடு கைச் சிகிச்சையைச் சேர்ப்பதற்குச் சமமான பலன் கிடைக்கிறது. பத்து நாள் தொடர்ந்து போய்விட்டு அப்புறம் வருஷம் முழுவதும் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்காத நம்மவர்களின் வழக்கத்துக்கு இது நேர் விரோதம்.

பண்டிதர்களின் தீர்ப்பு ஒரே மாதிரியாக இல்லை. அமெரிக்க வாத நோய் நிபுணர்களின் சங்கம் 2019-இல் தேகப் பயிற்சியைப் பலமாகச் சிபாரிசு செய்தது. அதனோடு கைச் சிகிச்சையைச் சேர்ப்பதனால் கூடுதல் பலன் உண்டென்பதற்கு ருசு போதாது என்று கூறி, நிபந்தனையோடு அதை வேண்டாம் என்றது. இங்கிலாந்தின் அதிகார ஸ்தாபனமாகிய நைஸ், 2022-இல், கைச் சிகிச்சையைக் கொடுக்கலாம், ஆனால் தேகப் பயிற்சியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்றது. அல்ட்ராசவுண்டு, மின்சாரம் முதலிய யந்திரங்களையோ கொடுக்கவே வேண்டாம் என்றது. ஆக, கை விஷயத்தில் சண்டையிட்டுக்கொள்ளும் இருவரும் பயிற்சி விஷயத்தில் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

பயிற்சியையும் நாம் கோவில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. 2024-இல் காக்ரேன் ஆராய்ச்சியாளர்கள் 139 பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்து, பயிற்சியால் வலி குறைவது உண்மைதான், ஆனால் அந்தக் குறைவு நோயாளி பெரிதாக உணரும் அளவுதானா என்பது நிச்சயமில்லை என்று எழுதினார்கள். ஊசிக்கு அவசரப்படுகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளட்டும்: 2020-இல் வெளியான ஒரு பரிசோதனையில் டெய்ல் குழுவினர் 156 பேரிடம் கார்டிஸோன் ஊசியையும், கையும் பயிற்சியும் சேர்ந்த சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். 240 வரையில் போகும் கஷ்டக் கணக்கில் ஒரு வருஷத்துக்குப் பிறகு ஊசிக்காரர்கள் சராசரி 55.8-லும் மற்றவர்கள் 37-லும் நின்றார்கள்.

நமது அபிப்பிராயம் என்ன என்று அத்தை கேட்டாள், வாசகர்களும் கேட்கலாம். வலி தாங்காமல் காலைத் தரையில் வைக்கவே அஞ்சுகிறவளிடம், 'தினம் இருபது தடவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்' என்று சொன்னால் அவள் நம்மைத்தான் எழுந்து போகச் சொல்வாள். அந்தச் சமயத்தில் விஷயம் தெரிந்த கை நாலு தடவை காலைத் தொட்டு அசைத்து, 'பாருங்கள், இவ்வளவு மடங்குகிறதே!' என்று காட்டினால் பயம் தெளியும். அந்தத் தெளிவோடு அவள் பயிற்சி செய்யத் தொடங்குவாளானால் கைக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை. பிடித்துவிட்ட சுகத்தோடு படுத்துக்கொண்டு அடுத்த வாரம் மறுபடியும் காலை நீட்டுவாளானால், அது ஆயுட்கால வாடகையாக முடியும். நம் வாத்தியார் அந்த வாடகையைத்தான் செலுத்தி வருகிறார் என்பது நமது தாழ்மையான சந்தேகம். ஆகையால் கைக்காரரிடம் போனாலும் சரி, யந்திரக்காரரிடம் போனாலும் சரி, 'நாளைக் காலையில் வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்க வேண்டும். விவரமாகப் பதில் சொல்லிச் செய்தும் காட்டுகிறவரிடம் அத்தை போகலாம். 'ஒன்றும் செய்ய வேண்டாம், நாளைக்கும் இங்கே வாருங்கள்' என்கிறவரிடம் போகத் தேவையில்லை. இப்படித்தான் அவளுக்கு எழுதினோம்.

யாரிடம் போவது என்பதற்கு மங்கலம்பேட்டையிலேயே விடை இருந்தது. 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தமிழ்நாடு சர்க்கார் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தில், வெளியே வர இயலாதவர்களின் வீட்டுக்கே இயன்முறை வைத்தியர் வந்து சிகிச்சை செய்யவும் ஏற்பாடு உண்டு. அத்தையின் தெருவில் பக்கவாதத்தால் படுத்திருக்கும் ஒருவரைப் பார்க்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவளை ஒரு நாள் அத்தை திண்ணைக்கு அழைத்து மோர் கொடுத்திருக்கிறாள். மோரைக் குடித்துவிட்டு அவள் செய்ததை அத்தை நாலு பக்கக் கடிதமாக எழுதியிருந்தாள்.

அந்தப் பெண் காலை முதலில் தொட்டாளாம். முட்டிச் சிரட்டையை இரண்டு விரலால் மெல்லப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தாள். குதிகாலைப் பிடித்துச் சிறிது இழுத்தாள். "வலிக்கிறதா, பாட்டி?" என்றாள். வலிக்கவில்லை. "பயத்தில் இறுக்கி வைத்திருக்கிறீர்கள். தேய்ந்துவிடும் என்று யார் சொன்னார்கள்? நடக்காமல் இருந்தால்தான் கெடும்" என்றாள். பிறகு பாயில் காலை நீட்டச் சொல்லி, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள். அந்தத் துண்டை முட்டியால் கீழ்நோக்கி அழுத்தி, ஆறு எண்ணும் வரையில் இறுக்கி, பிறகு விட வேண்டும். இப்படிப் பத்துத் தடவை. அப்புறம் ஒரு காலை மடக்கி வைத்து, மறு காலை விறைப்பாக ஒரு சாண் உயர்த்தி, மெதுவாக இறக்க வேண்டும். மூன்றாவதுதான் அத்தைக்குப் பிடித்தது: உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிடியைத் தொடாமல் எழுந்து நிற்பது. முதல் நாள் இரண்டு தடவைக்கு மேல் முடியவில்லை. நாற்காலியின் மேல் ஒரு தலையணையைப் போட்டு உயர்த்தினால் நாலு தடவை முடிந்தது. வாரா வாரம் தலையணையைத் தட்டையாக்கிக்கொண்டு வர வேண்டுமாம். "செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்படாதீர்கள். மறுநாள் காலையிலும் அதிகமாக வலித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்" என்றும் சொல்லிப் போனாள்.

புறப்படும்போது மூலையில் இருந்த கைத்தடியைப் பார்த்தாளாம். அத்தைக்கு வலது முழங்காலில்தான் உபத்திரவம் அதிகம். தடியையும் வலது கையிலேயே பிடித்து வந்தாள். நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் வலிக்கிற பக்கத்துக்கே முட்டுக் கொடுக்கிறார்கள். வீடு சரியும் பக்கத்தில் உத்திரம் நிறுத்துகிறவர்கள் அல்லவா? கால் விஷயத்தில் அது தப்பு. வலது கால் ஊன்றும்போது இடது கையில் தடியும் சேர்ந்து ஊன்ற வேண்டும். அப்போதுதான் உடம்பின் பாரம் வலி மூட்டிலிருந்து விலகுகிறது. இரண்டு வருஷமாக வீட்டில் கிடந்த தடிக்கு அன்றைக்குத்தான் பிரயோஜனம் ஏற்பட்டது.

உடம்பின் பாரத்தைப் பற்றியும் பேச்சு வந்ததாம். அத்தை அதை ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டாள். அவள் எழுதாததை நாம் எழுதுகிறோம். எடை குறைந்தால் முழங்காலுக்கு என்ன லாபம் என்று அமெரிக்காவில் அளந்து 2005-இல் வெளியிட்டிருக்கிறார்கள்: உடம்பில் ஒரு ராத்தல் குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் மூட்டின் மேல் விழும் பளு நாலு ராத்தல் குறைகிறது. ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று பெருக்கிக்கொள்ளும் வேலையை வாத்தியாரிடம் விடுவோம்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறோம். முட்டி திடீரென்று சிவந்து வீங்கிச் சுரமும் கண்டால், அல்லது மூட்டு பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமற் போனால், கையும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஒரு பக்கத்து ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால் அதை ஒருபோதும் தேய்க்கவோ நீவவோ கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி இடம் பெயர்ந்து உயிருக்கே அபாயமாகும்.

சென்ற வெள்ளிக்கிழமை அத்தையிடமிருந்து மறு கடிதம் வந்தது. நாற்காலியிலிருந்து தலையணை இல்லாமல் பதினைந்து தடவை எழுந்திருக்கிறாளாம். கோலம் போட இன்னும் குந்த முடியவில்லை. ஒரு முக்காலியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாளாம். வேலைக்காரப் பெண்ணின் கோலத்தைவிட நேராக வந்ததாம். விருத்தாசலம் பஸ்ஸில், இடது கையில் தடியோடு, நல்ல காலை முதலில் வைத்து ஏறிவிட்டாள்; இறங்கும்போது மட்டும் கண்டக்டர் கை கொடுக்க வேண்டியிருந்ததாம். கடிதத்தின் அடியில், ஓரமாக, பொடி எழுத்தில் பின்வருமாறு எழுதியிருந்தாள்: "எண்ணெய் போட்டு நீவிவிடுகிறவர் நேற்றுத் தெருவோடு போனார். வாத்தியார் சொன்னாரே என்று நானும் ஒரு தடவை நீவிக்கொண்டேன். பயிற்சியை முடித்துவிட்டுத்தான் நீவிக்கொண்டேன், தம்பி; கோபித்துக்கொள்ளாதே. ரொம்ப சுகமாக இருந்தது."